மூக்கோரத்து விரல்

கோமுவுக்குப் பத்து விரலும் எரிந்தன. மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறவளுக்கு எரிச்சல் புதிதில்லை. பேட்டை கிட்டங்கியில், அந்த வத்தல் குடோனில், காலையில் சாக்கை விரித்து உட்கார்ந்தால், இடுப்பு கட்டையாகிப் போகும்வரை கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். காம்பு ஒரு பக்கம், நல்ல வத்தல் ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம். எழுந்திருக்கும்போது விரல் நுனி ஒவ்வொன்றும் கொள்ளிக்கட்டையைத் தொட்ட மாதிரி இருக்கும். மோரில் முக்கலாம், தேங்காயெண்ணெய் தேய்க்கலாம், சாம்பல் போட்டுக் கழுவலாம். நெடி போகும், காரம் போகாது. நகக்கண்ணுக்குள் குடியிருக்கிற சரக்கு அது. அந்தக் கிட்டங்கிப் பொம்பளைகள் அழுதால்கூட முழங்கையால்தான் கண்ணைத் துடைப்பார்கள்.

அந்த எரிச்சலோடு அவள் வளவுக்குள் நுழையும்போது தினமும் ஒரே காட்சிதான். நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் நான்கு நான்கு வீடு, கடைசியில் ஒரு குழாய், அதுதான் வளவு. வெளிச்சத்துக்காக வாசலில் ஸ்டூலைப் போட்டு அவள் புருஷன் பூதலிங்கம் தலையை மல்லாத்தி உட்கார்ந்திருப்பான். எதிர்வீட்டு ஆவுடை அவன் முன்னால் நின்று, பெருவிரலால் கீழிமையைப் பைய இழுத்து, சின்னக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விடுவாள். விட்டதும் கண்ணை மூடச் சொல்லி, மூக்கும் கண்ணும் சேர்கிற குழியில் ஆள்காட்டி விரலை வைத்து அமுக்கிப் பிடிப்பாள். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்பதற்கு அப்படிப் பிடிக்க வேண்டும் என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு வெற்றிலையை மென்று முடிக்கிற நேரம் அந்த விரல் அவன் மூக்கோரத்தில் இருக்கும்.

அந்த நேரம் முழுக்கக் கோமு நடையில் நின்றபடி, சேலை முந்தியில் ஒட்டியிருந்த வத்தல் விதைகளை ஒவ்வொன்றாகத் தட்டுவாள்.

பூதலிங்கம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவன். சிமெண்டு, உரம், அரிசி என்று எது வந்தாலும் வேகனிலிருந்து லாரிக்குப் பலகையில் நடந்து போய் இறக்குகிற ஆள். வெள்ளம் வந்து ஆற்றங்கரையெல்லாம் அடித்துக்கொண்டு போன மறுவருஷம், பட்டப்பகலில் மூட்டையோடு பலகையை விட்டு வெளியே காலை வைத்தான். குடித்திருக்கிறான் என்றார்கள். அவன் குடிக்கிறவன் இல்லை. பலகையின் ஓரம் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வலது தோள்பட்டை நொறுங்கியது. இடது கைக்குப் பல வருஷமாகவே விரல் மடங்காது, மூட்டைக் கொக்கி குத்தின கை.

தோளுக்குக் கட்டுப் போட்ட டாக்டர்தான் கண்ணைக் காட்டச் சொன்னார். கண்ணுக்குள்ளே நீர் அழுத்தம் ஏறி, உள் நரம்பை அரித்துவிட்டதாம். வலி இல்லாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும் வியாதி. இடது கண்ணில் தேறுவதற்கு ஒன்றுமில்லை. வலதில் நடுப்பகுதி மட்டும் மிச்சம். மூட்டைக்குள் குத்திச் சாம்பிள் அரிசி எடுப்பார்களே ஒரு குழாய், குத்தூசி, அதன் ஓட்டை வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று பூதலிங்கம் சொன்னான். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து, காலையும் மாலையும் உயிர் உள்ளவரை விட வேண்டும் என்றார் டாக்டர். ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது.

அவன் கை இரண்டும் அதற்கு உதவாது, முதல் நாள் கோமுதான் விட்டாள். கைக்குச் சோப்பு போட்டாள், சீயக்காய் போட்டாள், புளி வைத்துத் தேய்த்தாள். அவள் பெருவிரல் இமையில் பட்ட மாத்திரத்தில் பூதலிங்கம் ஸ்டூலோடு கவிழ்ந்தான். வளவே ஓடி வந்தது. ஓடி வந்தவர்களில் ஆவுடையும் ஒருத்தி. ஒரு குடம் தண்ணீரை அவன் முகத்தில் விட்டுக் கழுவி, மறுபடி உட்கார வைத்து, குப்பியை வாங்கித் தானே விட்டாள். பால்வாடியில் ஆயா வேலை அவளுக்கு. பிள்ளைகளுக்கு மூக்கு சிந்தி, காது துடைத்து, கண் நோய் வந்தால் மருந்து விட்டுப் பழகிய கை. மெத்தென்று இருக்கும்.

"நான் பாத்துக்கிடுதேன் கோமு. காலையில பால்வாடிக்குப் போகும்போது ஒண்ணு, வந்து ஒண்ணு. இதுல என்ன இருக்கு" என்றாள்.

அதில் என்ன இருந்தது என்பது கோமுவுக்குத் தெரியும். ஆவுடை பூதலிங்கத்துக்கு அத்தை மகள். சிறு வயதில் அவளுக்கு அவன்தான் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு கோயில் கொடையில் ஆட்டுத்தலை யாருக்கு என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டதில் பேச்சு முறிந்தது. ஆவுடையைப் பம்பாய்க்காரன் ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அவன் போனவன் போனவன்தான், வருஷத்துக்கு ஒரு கடுதாசி. பூதலிங்கத்துக்குச் சேரன்மாதேவியிலிருந்து கோமுவைக் கட்டிவைத்தார்கள். இப்போது கோமுவின் மகள் வள்ளியூரில் இரண்டு பிள்ளை பெற்றுவிட்டாள். கோமுவுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. இருந்தாலும் ஆவுடை நடையைத் தாண்டி வந்து, "அத்தான், தலையத் தூக்குங்க" என்று சொல்லும்போது, அந்த 'அத்தான்' கோமுவின் நகக்கண்ணில் போய்க் குத்தியது.

கிட்டங்கியில் விஷயம் தெரியாமல் இருக்குமா? பக்கத்துச் சாக்கில் உட்காருகிற பிரம்முவுக்கு வத்தலைவிட நாக்குக் காரம்.

"ஏட்டி கோமு, ஒம் புருசனுக்கு மருந்து விட ஆள் போட்டிருக்கியாமே. கண்ணுக்கு மட்டுந்தானா, இல்ல முதுகு தேய்க்கவுமா?"

சுற்றி இருந்தவர்கள் தும்முகிற சாக்கில் சிரித்தார்கள். கோமுவும் சிரித்து வைத்தாள். பேத்தி எடுத்தவளுக்கு என்ன பொறாமை என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஆனால் பொறாமை வயசு கேட்டுக்கொண்டு வருவதில்லை. அன்றைக்கு அவள் கிள்ளிய காம்பில் பாதி வத்தலும் சேர்ந்து வந்து, கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கினாள்.

அவளைத் தின்றது தொடுவதுகூட இல்லை, சிரிப்புதான். விரல் மூக்கோரத்தில் இருக்கிற நேரத்தில் ஆவுடை சும்மா இருக்க மாட்டாள். பால்வாடியில் எவன் சட்டியோடு சோற்றைக் கவிழ்த்தான், எவள் தூங்குகிற மாதிரி நடித்தாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பூதலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பான். சிரித்தால் மருந்து வழியும், சிரிக்காதீங்க என்று அவளே அதட்டுவாள். அதற்கும் சிரிப்பான். இத்தனை வருஷத்தில் கோமுவிடம் அவன் அப்படிச் சிரித்ததில்லை. இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து சோற்றைத் தின்று விழுந்த வாழ்க்கை. சிரிப்பதற்கு அதில் எந்தப் பொழுது இருந்தது?

ஒருநாள் கிட்டங்கிக்குச் சரக்கு வரவில்லை. கோமு வெயில் சாயுமுன்னே திரும்பினாள், ஆவுடையும் அன்றைக்கு நேரத்தோடே வந்திருந்தாள். வளவு வாசலில் சைக்கிளுக்கு ஒதுங்கி நின்றபோது அவளுக்கு இரண்டு பேரின் குரலும் கேட்டது. அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"இடதுல இப்ப வெளிச்சங்கூடத் தெரியல ஆவுடை" என்று பூதலிங்கம் சொல்லிக்கொண்டிருந்தான். "பகலா ராத்திரியான்னு அந்தக் கண்ணுக்குத் தெரியல. கோமுகிட்டச் சொல்லிராத."

"நான் ஏன் சொல்லுதேன்" என்றாள் ஆவுடை. விரல் அவன் மூக்கோரத்தில் இருந்தது.

கோமு வந்த வழியே திரும்பி, தெருமுனைப் பலசரக்குக் கடை வரைக்கும் போய், ஒன்றும் வாங்காமல் வந்தாள். புருஷன் கண் இருட்டிப்போனதை அவளுக்கு முன்னால் இன்னொருத்தியிடம் சொல்லியிருக்கிறான். மறைக்கச் சொன்னது தன்னிடமிருந்து. அவள் வேதனைப்படுவாள் என்றுதான் மறைத்தான் என்பது யாருக்கும் தெரியும், கோமுவுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் வயிறு எரிகிறபோது மூளைக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை குழாயடியில் எட்டு வீட்டுக் குடமும் வரிசையில் இருந்தது. ஆவுடை கையைக் கழுவிக்கொண்டு, "அத்தான் எந்திரிச்சாச்சா கோமு?" என்று கேட்டாள். வழக்கமாகக் கேட்கிறதுதான்.

கோமு குடத்தைக் கீழே வைத்தாள். என்ன சொன்னாள் என்பதை முழுக்க எழுத முடியாது. பம்பாய்க்காரன் விட்டுப் போனதற்குக் காரணம் சொன்னாள். மருந்து விடுகிற சாக்கில் படுக்க இடம் பார்க்கிறாள் என்றாள். சொல்லச் சொல்லப் பத்தாமல், குனிந்து நடையோரத்து மண்ணை ஒரு கை வாரி, "நீ வெளங்க மாட்ட, நாசமாப் போவ" என்று ஆவுடை தலைமேல் விட்டெறிந்தாள்.

மண்ணை வாரி விடுவது சண்டையில் கடைசி ஆயுதம். அதற்கு மேல் பேச்சு கிடையாது. குழாய்த் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்தும் யாரும் எடுக்கவில்லை. ஆவுடை முடியிலிருந்த மண்ணைத் தட்டக்கூட இல்லை. அவள் சொன்னது ஒன்றுதான்.

"மருந்த விட்டுராத கோமு. மூக்கோரம் அமுக்கணும், மறந்துராத."

போய் வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோமு அதற்கும் வழி வைத்திருந்தாள். பால் கவரைக் கழுவி, காயவைத்து, கையில் உறை மாதிரி மாட்டி மணிக்கட்டில் நூல் கட்டினாள். காரம் கவருக்கு உள்ளே, கண் வெளியே. தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் குளிர்ச்சியாக வைத்திருந்த குப்பியை எடுத்து, அவன் முன்னால் போய் நின்றாள்.  குழாயடியில் நடந்தது அவன் காதில் விழாமலா இருக்கும்? தலையை மல்லாத்தினான்.

பால் கவர் வழுக்கும். வியர்த்த இமையைப் பிடித்தால் நிற்காமல் நழுவும். அழுத்திப் பிடிக்கப் பயம், காரம் கசிந்துவிட்டால்? இமையைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு மேலே இருந்து ஒரு சொட்டு விட்டாள். அவன் படபடவென்று இமைத்தான்.

"விழுந்துட்டா?"

"விழுந்துட்டு" என்றான்.

அவள் மூக்கோரத்தில் விரலை வைத்து அமுக்கினாள். கவர் சரசரத்தது. அத்தனை பக்கத்தில் அவன் முகத்தை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. புருவத்தில் ஒரு முடி நரைத்து நீளமாக நின்றது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. கோமுவுக்கு விரல் எரிச்சல்கூட அந்த நேரத்தில் தெரியவில்லை.

அப்படியே காலையும் மாலையும் ஓடியது. வேளை தப்பவில்லை, குப்பி தீர வேண்டிய கெடுவில் தீர்ந்தது, புதுக் குப்பி வந்தது. கிட்டங்கியில் பிரம்மு கேட்டபோது, நான்தான் விடுகிறேன் என்று நிமிர்ந்து சொன்னாள். அவனைச் சிரிக்க வைக்கவும் பார்த்தாள். கணக்கப்பிள்ளை தும்மி வேட்டி அவிழ்ந்த கதையைச் சொன்னாள். அவன் லேசாகச் சிரித்தான். போதும் என்றிருந்தது.

அவன் கன்னத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு ஈரக்கோடு இறங்கும். அதை அவள் பார்க்காமல் இல்லை. கண்ணீராக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மருந்து விட்டால் கண் கலங்கத்தானே செய்யும். சொல்லச் சொல்ல அது நிஜம் மாதிரியே ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்துப் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். பஸ்ஸில் ஏறும்போது பூதலிங்கம் படிக்கட்டைக் காலால் தேடினான். முன்னால் அப்படித் தேட மாட்டான். கோமு முழங்கையைக் கொடுத்து ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் முகவாய் நாடியை மிஷினில் வைக்கச் சொல்லிக் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர், பழைய சீட்டைப் புரட்டிவிட்டு மறுபடி பார்த்தார். அழுத்தம் மருந்துக்கு முன்னால் இருந்த இடத்துக்கே ஏறியிருந்தது. மிச்சம் இருந்ததில் பாதி போய்விட்டது. மருந்து விட்டீர்களா என்று கேட்டார்.

"ஒரு வேளை தப்பல சார்" என்றாள் கோமு. அது உண்மை.

நர்ஸம்மா குப்பியைக் கையில் கொடுத்து, எப்படி விடுவீங்க, விட்டுக் காட்டுங்க என்றாள். கோமு பையிலிருந்து பால் கவரை எடுத்து மாட்டினாள். பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவள் இமையைப் பிடித்தாள், நழுவியது. சொட்டு விழுந்தது. கண்ணோரத்தில் பட்டு, கன்னத்தில் கோடாக இறங்கி, சட்டைக் காலரில் போய் ஊறியது. பூதலிங்கம் பழக்கத்தில், கேட்காமலே, "விழுந்துட்டு" என்றான்.

நர்ஸம்மா திட்டவில்லை. "இத்தன நாளும் இப்படித்தானா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஒரு பஞ்சை எடுத்து அவன் கன்னத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் தோல் சிவந்து, சொட்டு இறங்கிய தடம் தனியாகத் தெரிந்தது.

 திரும்பி வரும்போது, ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோதுதான் கோமு கேட்டாள்.

"உள்ள விழலன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா என்ன?"

பூதலிங்கம் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தான். ஆறு அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ.

"சொன்னா அவளக் கூப்பிடணும். கூப்பிட்டா நீ மறுபடியும் மண்ண அள்ளுவ" என்றான். முகத்தைத் திருப்பாமலே, "கண்ணு இருந்தாலும் போனாலும் சோறு ஒங் கையிலதானட்டி திங்கணும்" என்றான்.

ஏசியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வளவுக்கு வந்ததும் அவனை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, நடையைத் தாண்டி எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, திறந்துகொண்டு உள்ளே போனாள். நாலு எட்டு நடைதான். ஆவுடை அடுப்பங்கரையில் உரலில் தேங்காய் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் கோமு. முறைக்கு அக்காதான். ஒருவனுக்கு இருவரும் பெண்டாட்டியாகக்கூடிய முறை, அதனால் வந்த அக்கா. "மருந்து உள்ளயே விழலக்கா. பாதி போயிட்டுன்னு சொல்லிட்டாக."

ஆவுடை ஆட்டுவதை நிறுத்தினாள். வாசலைப் பார்த்தாள். ஸ்டூலில் தலையை மல்லாத்தி அவன் ஏற்கெனவே காத்திருந்தான்.

"அக்கா, அன்னைக்கு நான்..." என்று கோமு குரலைத் தாழ்த்தித் தொடங்கினாள்.

"இங்கன வச்சுச் சொல்லாத" என்றாள் ஆவுடை. "எட்டு வீடு கேக்க ஏசிட்டு, அடுப்பங்கரையில வந்து ரகசியமா மன்னிப்பு கேக்கியா? மண்ண எங்கன வச்சு விட்டியோ அங்கன வச்சு எடு. ஒனக்கு எப்ப முடியுதோ அப்ப எடு. இப்ப மருந்து நேரம் ஆயிட்டு."

எழுந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஈரத்தை முந்தியில் துடைத்துக்கொண்டு நடையைத் தாண்டினாள்.

அதிலிருந்து காலையும் மாலையும் அவள்தான் விடுகிறாள். சொட்டு ஒன்றுகூட வெளியே போவதில்லை. அடுத்த தடவை பார்த்தபோது அழுத்தம் இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். ஆனால் போனது திரும்பவில்லை, குத்தூசி ஓட்டை இப்போது பொத்தான் ஓட்டை அளவாகச் சுருங்கிவிட்டது. அந்த அளவிலாவது கோமுவின் முகம் அவனுக்குத் தெரிகிறது, நேர் எதிரே வந்து நின்றால்.

ஆனால் ஆவுடை இப்போது 'அத்தான்' என்று சொல்வதில்லை. பால்வாடிக் கதை சொல்வதில்லை. வருகிறாள், விடுகிறாள், மூக்கோரத்தில் விரலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள், போகிறாள். அவனும் சிரிப்பதில்லை. கோமு கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட மாதிரிதான். கிடைத்தும் எரிச்சல் அடங்கவில்லை. இரண்டு பேரும் பேசாமல் இருக்கிற அந்த மௌனத்திலும் தனக்கு இடமில்லை என்று தோன்றியது.

குழாயடியில் கோமு இருந்தால் ஆவுடை தண்ணீருக்கு வருவதில்லை. கோமு போனபிறகு, வரிசை தீர்ந்தபிறகு, நூலாக வருகிற தண்ணீரைப் பிடித்துப் போகிறாள். வளவுப் பொம்பளைகள் அதைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுக் கோமுவைப் பார்க்கிறார்கள். ஆவுடைக்கு வருகிற பம்பாய்க் கடுதாசி அந்த வருஷம் வரவில்லை. மண் பலித்துவிட்டது என்று ஒருத்தி முனகியதும் கோமு காதில் விழுந்தது.

ஒவ்வொரு நாள் காலையும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். வாயைத் திறப்பாள். அந்த நேரம் பார்த்து அந்த விரல் ஞாபகம் வரும், எரியாத, மெத்தென்ற விரல், அவன் மூக்கோரத்தில். வாய் மூடிக்கொள்ளும். குடம் நிறைந்துவிடும்.

ஆவுடையைப் பற்றித் தான் சொன்னது அத்தனையும் பொய் என்று, அந்தக் குழாயடியில் நின்று, எட்டு வீடும் கேட்கக் கோமு சொல்ல வேண்டும். ஆவுடைக்கு அவள் கொடுக்க வேண்டிய கடன் அது. இன்னும் கொடுக்கவில்லை.